பெயின்ட் ஏன் கெட்டது? படகுப் பாகங்களுக்கு ஸ்பிரே அடிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. மீனவர்களுக்கு அது தடைக்காலம், பெயின்டர்களுக்கு வேலைக்காலம். கரையேறிய படகுகளில் சுக்கான், விஞ்சு, எஞ்சின் பெட், கைப்பிடிக் குழாய், நங்கூரம் என்று கழற்ற முடிந்த இரும்பையெல்லாம் கழற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் நேரம் இதுதான். மரக்காணம், கூனிமேடு, கோட்டக்குப்பம் எல்லாம் விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை. புதுச்சேரியின் தேங்காய்த்திட்டும் கடலூரும் பக்கத்துத் துறைமுகங்கள். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் லாரி, பஸ், டிராக்டர் டிரெய்லருக்கு ஸ்பிரே அடித்துக் கை தேர்ந்தவர்கள் இந்த வேலையைத் தேடிப் பிடிக்கலாம்.

ஆனால் லாரிக் கதவுக்கு அடிக்கும் பழக்கத்திலேயே படகின் சுக்கானுக்கும் அடித்தால், அடுத்த தடைக்காலம் வரை பெயின்ட் தாங்காது. பாகம் திரும்பி வரும்போது கெட்ட பூச்சின் மேலேயே இன்னொரு கோட்டு அடித்து அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு. பூச்சில் தெரியும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரியாமல் ஸ்பிரே கன்னைத் தொடாதீர்கள்.

முதல் கேள்வி: குறை எப்போது தெரிந்தது?

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும். அடிக்கும்போதே தெரிந்தால் அழுக்கு, கன், தின்னர் மூன்றில் ஒன்றில் தப்பு. காயும்போது தெரிந்தால் வெயில், ஈரம், அவசரம் ஆகியவற்றைப் பாருங்கள். கடலுக்குப் போய் வந்த பிறகு தெரிந்தால், பெயின்ட் அடிப்பதற்கு முன் இரும்பைத் தயார் செய்ததில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

அடிக்கும்போதே தெரியும் குறைகள்

*குழி விழுதல்.* பட்டறையில் ‘ஃபிஷ் ஐ’ என்பார்கள். பெயின்ட் ஓரிடத்தில் ஒட்டாமல் வட்டமாக விலகி நிற்கும். எண்ணெய், கிரீஸ், சிலிக்கான் இவைதான் காரணம். படகுப் பாகத்தில் டீசலும் எஞ்சின் ஆயிலும் மீன் எண்ணெயும் ஊறியிருக்கும். தேய்ப்பதற்கு முன்பே எண்ணெயை எடுத்துவிட வேண்டும். முதலில் உப்புத்தாள் போட்டால் எண்ணெய் இரும்பின் கீறல்களுக்குள் இறங்கிவிடும். தின்னர் நனைத்த ஒரு துணியால் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. பிறகு சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக நின்றால் எண்ணெய் போய்விட்டது. முத்து முத்தாகத் திரண்டால் போகவில்லை.

துடைத்த பிறகும் குழி விழுந்தால் கம்ப்ரசரைப் பாருங்கள். ஹோஸ் முனையில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து ஒரு நிமிடம் காற்றை விடுங்கள். துணியில் ஈரமோ எண்ணெய்க் கறையோ விழுந்தால் குற்றம் காற்றில் இருக்கிறது. தினமும் காலையில் டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். விழுந்த குழியை நிரப்பச் சிலிக்கான் கலந்த மருந்து ஊற்றுவது தற்காலிக வழிதான். அந்தச் சிலிக்கான் பட்டறை முழுவதும் பரவி அடுத்த வேலையைக் கெடுக்கும். காயவிட்டு, தேய்த்து, துடைத்துத் திரும்ப அடிப்பதே சரி.

*ஆரஞ்சுத் தோல்.* பூச்சு மழமழப்பாகப் படியாமல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி நிற்கும். பெயின்ட் கெட்டியாக இருப்பது, காற்று அழுத்தம் குறைவது, கன்னைத் தூரப் பிடிப்பது, தின்னர் சீக்கிரம் ஆவியாவது ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணம். கண்ணளவில் தின்னர் ஊற்றாமல், பெயின்ட்டின் கெட்டியை அளக்கும் பி4 கப்பில் விநாடி எண்ணி, டப்பாவில் அச்சிட்ட அளவோடு ஒப்பிடுங்கள். கன்னை 15 முதல் 20 செ.மீ. தூரத்தில் பரப்புக்கு நேராகப் பிடித்து, முந்தைய வரியின் பாதியை அடுத்த வரி மூடும்படி அடியுங்கள்.

*ஒழுகுதல்.* இது அதற்கு நேர்மாறு. தின்னர் அதிகம், கன் மிக அருகில், அல்லது ஒரே கோட்டில் முடித்துவிடும் ஆசை. குழாய்களிலும் வெல்டிங் மூலைகளிலும்தான் அதிகம் ஒழுகும். ஈரமாக இருக்கும்போதே தெரிந்தால் பிரஷ்ஷால் மெல்ல இழுத்துவிடலாம். காய்ந்துவிட்டால் முழுவதும் இறுகும்வரை பொறுத்துத் தேய்க்க வேண்டும்.

*சுருங்கி எழும்புதல்.* பழைய எனாமலின் மேல் பி.யூ. பெயின்ட் அடித்தால் அதன் காரமான தின்னர் அடியிலுள்ள எனாமலைக் கரைத்துத் தோலாகக் கிளப்பிவிடும். சந்தேகம் இருந்தால் பி.யூ. தின்னரில் பஞ்சை நனைத்துப் பழைய பெயின்ட்டில் தேய்த்துப் பாருங்கள். இளகி வந்தால் முழுவதையும் இரும்பு தெரியச் சுரண்டி எடுத்துவிட்டு எப்பாக்ஸி பிரைமரிலிருந்து தொடங்குங்கள். இதற்கு வேறு குறுக்கு வழி இல்லை.

காயும்போது தெரியும் குறைகள்

நம் பக்கத்துச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தடைக்காலத்தின் நடுவில் அக்னி நட்சத்திரம் வருகிறது. வெயிலில் கிடந்த இரும்பில் அடித்தால் மேல்பரப்பு உடனே தோல் கட்டிக்கொள்ளும். உள்ளே சிக்கிய தின்னர் பிறகு அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். அதுதான் *ஊசித்துளை.* ஒவ்வொரு துளையும் உப்புத் தண்ணீர் இரும்பைத் தொடுவதற்கான வழி. அதே வெயிலில் கன்னைத் தூரப் பிடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து தூளாக விழும். தடவினால் *மணல்* போல நெருடும். பாகத்தை நிழலில் வைத்து ஆறவிடுங்கள். தொட்டால் சுடுகிற இரும்பில் அடிக்காதீர்கள். கோடைக்கான ஸ்லோ தின்னர் கேட்டு வாங்குங்கள். கோட்டுக்குக் கோட்டு டப்பாவில் சொன்ன இடைவெளியைக் கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்கல் வேறு. தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கும். காற்றின் ஈரம் அதில் படிந்து பளபளப்பு போய்ப் பூச்சு *வெளிறிவிடும்.* எப்பாக்ஸியில் பிசுபிசுப்பான படலம் கட்டும். அதைச் சோப்புத் தண்ணீரால் கழுவாமல் அடுத்த கோட்டு அடித்தால் அது உரிந்து வரும்.

இதற்குக் கப்பல் கட்டும் தளங்களில் ஒரு கணக்கு உண்டு. கப்பல்களின் கடல்நீர்த் தொட்டிகளுக்குப் பூச்சு அடிப்பது பற்றிச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006-இல் ஏற்ற விதி இது: காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்கக் கூடாது, இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் பனிநிலை சுமார் 26 டிகிரி. அப்படியானால் இரும்பு 29 டிகிரிக்குக் குறையக் கூடாது. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு மீட்டர் ஒன்றைப் பட்டறைச் சுவரில் மாட்டுங்கள். விடியற்காலை இரும்பில் ஈரம் இருக்கும். உச்சிவெயிலில் இரும்பு கொதிக்கும். கோடையில் காலை 8 மணிக்கு மேல், வெயில் ஏறுவதற்கு முன் அடிப்பது நல்லது.

கடலுக்குப் போய் வந்தபின் தெரியும் குறைகள்

*கொப்புளம்.* பூச்சுக்கு அடியில் உப்பு மாட்டியிருக்கிறது என்று பொருள். உப்பு வெளியிலிருந்து தண்ணீரைப் பூச்சின் வழியே இழுத்துக் கொப்புளமாக்கும். உடைத்தால் உள்ளே தண்ணீரும் துருவும் இருக்கும். மேலே சொன்ன விதி, ஒரு சதுர மீட்டரில் 50 மில்லிகிராம் உப்புக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு அது. திண்டிவனம் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, இங்கே உப்புக் காற்று இல்லை என்று சும்மா இருந்துவிட முடியாது. பாகம் உப்போடுதான் வந்து இறங்குகிறது. வந்தவுடன், உப்புத்தாளோ கிரைண்டரோ படுவதற்கு முன், நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். துருவின் குழிகளைக் கம்பி பிரஷ்ஷால் கிளறி மறுபடி கழுவுங்கள். உவர்த்தண்ணீர் வரும் போர்வெல்லை நம்பாதீர்கள். கழுவிய இரும்பை அன்றே உலர்த்திப் பிரைமர் அடித்துவிடுங்கள்.

*ஓரத்தில் துரு.* நடுவில் பெயின்ட் நன்றாக இருக்கும், ஓரங்களிலும் வெல்டிங்கிலும் மட்டும் துரு கிளம்பும். கூரான ஓரத்திலிருந்து ஈரப் பெயின்ட் விலகிக்கொள்வதால் அங்கே பூச்சு மெலிந்துவிடுகிறது. ஓரங்களை 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டுங்கள். ஓரம், வெல்டிங், போல்ட் துளைகளுக்கு ஸ்பிரேக்கு முன் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட்டு கொடுங்கள். அந்தக் கப்பல் விதி இந்தப் பிரஷ் கோட்டை இரண்டு முறை கேட்கிறது.

தடிமனையும் அளந்து பாருங்கள். ஈரப் பூச்சில் வைத்து அளக்கும் சீப்பு போன்ற கருவி கடையில் கிடைக்கிறது. 60 சதவீதம் திடப்பொருள் உள்ள பெயின்ட்டை 125 மைக்ரான் ஈரமாக அடித்தால் காய்ந்தபின் 75 மைக்ரான்தான் நிற்கும். தின்னர் ஊற்ற ஊற்ற அதுவும் குறையும்.

*தகடாக உரிதல்.* கால்வனைஸ் குழாயின் மேல் சாதாரண எனாமலை நேரே அடித்தால், துத்தநாகம் அதோடு வினைபுரிந்து சோப்பு போன்ற படலத்தை உண்டாக்கும். பெயின்ட் முழுசாகக் கழன்றுவிடும். அலுமினியத்தில், தேய்த்த சில மணி நேரத்துக்குள் அதற்கான எட்ச் பிரைமர் அல்லது எப்பாக்ஸி பிரைமர் ஏற வேண்டும். தாமதித்தால் மேலே புதிய ஆக்சைடு படர்ந்துவிடும். எப்பாக்ஸி கோட்டு குறிப்பிட்ட நாளுக்கு மேல் காய்ந்துவிட்டால், மேலே உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிய பிறகே அடுத்த கோட்டு அடிக்க வேண்டும்.

தொடக் கூடாத இடங்கள்

சுக்கானிலும் ஷாப்ட் பக்கத்திலும் பொருத்தியிருக்கும் ஜிங்க் கட்டிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். அது தான் கரைந்து இரும்பைக் காக்க வைத்தது. பெயின்ட் மூடினால் வேலை செய்யாது. அலுமினியப் பாகங்களில் செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட் ஏறவே கூடாது. கடல் தண்ணீரில் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். மரையும் பேரிங் உட்காரும் இடமும் டேப்புக்குள் இருக்கட்டும்.

உங்கள் நுரையீரலும் இந்தப் பட்டியலில் சேர்ந்ததுதான். பி.யூ. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். முகத்தில் கட்டும் துண்டும் துணி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசம்தான் சிறந்தது. அது இல்லாத இடத்தில் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகக்கவசமாவது கட்டாயம் வேண்டும். காற்றோட்டமில்லாத அறைக்குள் அடிக்காதீர்கள்.

தொழிலில் உயர

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தேதி, வெப்பம், ஈரப்பதம், பெயின்ட் டப்பாவின் பேட்ச் எண், தின்னர் அளவு, கோட்டுகளுக்கு இடையே விட்ட நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். பாகம் திரும்பி வந்தால் யாரையும் குறை சொல்லாமல் காரணத்தைக் கண்டுபிடிக்க அது போதும். கூலி சொல்லும்போது கழுவுவதற்கும் சுரண்டுவதற்கும் தனிக் கூலி, ஸ்பிரேக்குத் தனிக் கூலி என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒரே தொகையாகச் சொன்னால் பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது கழுவும் வேலைதான்.

கடலில் இறங்கப்போகும் அவசரத்தில் “கழுவ வேண்டாம், சும்மா ஒரு கோட்டு அடித்துக் கொடு” என்று படகுக்காரர் கேட்பார். காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். உப்பின் மேல் அடித்த பெயின்ட் நிற்காது; அது உரியும்போது கெடுவது உங்கள் பெயர்.