கேட்காததற்குத் தலையாட்டாதே

மயிலாப்பூர்,
சென்னை.

அருமைப் பேத்தி கண்ணம்மாவுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை, நீ முதன்முதலாகத் தனியே விமானம் ஓட்டிப் பறந்து இறங்கிய சந்தோஷச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டு வந்தபோது, பேச்சோடு பேச்சாக, இரவில் படுத்தால் காதுக்குள் ஓயாத ரீங்காரம் ஒன்று கேட்கிறதென்றும், விடிந்தால் அது போய்விடுகிறதென்றும், எஞ்சின் இரைச்சலில் ஆசிரியர் சொல்வது சில சமயம் விளங்காவிட்டாலும் அனுமானித்துத் தலையாட்டிச் சமாளித்துக்கொள்வதாகவும், ஏதோ பெரிய சாமர்த்தியத்தைச் சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னாய். உன் சின்னப் பாட்டியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆகையால் இந்தக் கடிதம். கோபத்தில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே.

ரீங்காரம் காலையில் போய்விடுகிறது என்பதை நீ ஆறுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். உட்செவியில் உள்ள மயிரணுக்கள் என்னும் மிக நுட்பமான உயிரணுக்கள் அளவுக்கு மீறிய சப்தத்தால் களைத்துப்போய், இராப்பொழுதில் இளைப்பாறி மீள்கின்றன என்பதே அதன் தாத்பரியம். நாள்தோறும் களைக்கச் செய்தால் ஒரு நாள் மீளாமற்போகும் என்பதும், மாண்ட மயிரணு மனித தேகத்தில் மறுபடி உண்டாவதில்லை என்பதும் வைத்தியர்கள் சந்தேகமின்றிச் சொல்லும் விஷயங்கள். நீ ஓட்டும் செஸ்னா 172 போன்ற பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்குள் இரைச்சல் 90 டெசிபலை ஒட்டியும், ஏறும்போது அதைக் கடந்தும் இருக்கும். தொழில் சுகாதார நிபுணர்கள் 85 டெசிபலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று எல்லை கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் சப்தத்தின் சக்தி இரட்டிப்பதால், அனுமதிக்கும் நேரமும் பாதி பாதியாகக் குறைந்து, 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரே மணி என்றாகிவிடுகிறது. பரீட்சைக்கு இரவெல்லாம் கணக்குப் போட்ட பெண் நீ. இந்தக் கணக்கையும் போட்டுப் பார்.

வைத்தியப் பரிசோதனையில் தேறிவிட்டேனே என்பாய். அந்தப் பரிசோதனையின் விதியை எடுத்துப் படி. 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் சுருதிகளில் 35 டெசிபலுக்கும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கும் மேற்பட்ட குறைவு இருக்கக்கூடாது என்பதே சர்வதேச விதி. இரைச்சலால் வரும் செவிக்குறைவோ முதன்முதலில் தலைகாட்டுவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில்; அந்த இடத்துக்கு விதியில் எல்லையே இல்லை. எனவே சர்ட்டிபிகேட் கையில் இருக்கும்போதே செவி உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருக்கலாம். அந்த மேற்சுருதிகளில்தான் ஸகரம், ஷகரம் முதலான மெய்யொலிகளின் ஜீவன் இருக்கிறதாகையால், அவை தேய்ந்தவனுக்குப் பிறர் பேசுவது காதில் விழும், ஆனால் விளங்காது. விளங்காதவன் என்ன செய்வான்? தலையாட்டுவான்.

உன் தாத்தா அப்படித்தான் ஆட்டினார்.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்ததாயினும், தோப்பு விவகாரத்தை உன் அப்பா சொல்லிக் கேட்டிருப்பாய். அவன் சொல்வது பாதிதான்; மீதி அதற்கு வெகு முன்பே தொடங்கியது. மீனம்பாக்கத்தில் டைகர் மாத் விமானத்தில் என் அண்ணாவான உன் தாத்தா பழகிய காலத்தில், முன்னிருக்கை ஆசிரியருக்கும் பின்னிருக்கை மாணவனுக்கும் நடுவே பேச்சுக்கு இருந்தது ஒரு ரப்பர்க் குழாய். 1917-இல் இங்கிலாந்தில் காஸ்போர்ட் என்ற ஊரில் ஸ்மித்-பாரி என்பவர் விமானப் பயிற்சியைச் சீர்திருத்தியபோது வழக்கத்துக்கு வந்த அந்தக் குழாயில், ஆசிரியர் கத்துவதில் பாதி எஞ்சினுக்குப் போகும், பாதி மாணவனுக்கு வரும். பிறகு ஹார்வர்டு விமானம். அதன் 600 குதிரைசக்தி எஞ்சின் நடுவில் பல்சக்கரம் ஏதுமின்றி நேரே புரொப்பல்லரைச் சுழற்றுவதால், அதன் அலகுகளின் நுனிகள் ஒலியின் வேகத்தை எட்டிப் பிடிக்கும். அது மேலே போனால் ஊரே அண்ணாந்து பார்க்கும். அண்ணா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போன முதல் நாளே, அவருடைய ஆசிரியர், பிரசவ ஆஸ்பத்திரிக்கு வழி அந்தப் பக்கம் என்று எல்லோர் முன்னிலையிலும் பரிகாசம் செய்தாராம். அதன் பிறகு அண்ணா பஞ்சைத் தொட்டதில்லை. அந்த ஆசிரியர் இன்று உயிரோடு இல்லை. இருந்தால் அவருக்கும் ஒரு கடிதம் எழுதியிருப்பேன்.

பின்னாளில், தோப்பில் ஒரு பகுதியை விற்கப் போன சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில், ஜன்னலுக்கு வெளியே லாரிகள் உறுமிக்கொண்டிருக்க, பத்திரம் எழுதுபவர் நான்கெல்லையை வாசித்தபோது, கிணறும் கிணற்றடிப் பாதையும் வாங்குகிறவர் பங்கில் சேர்ந்திருந்ததை அறியாமலே, அண்ணா என்னும் அந்த மகானுபாவர் மூன்று இடங்களில் தலையாட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கூடப் போன என்னை வெளித் திண்ணையில் உட்காரச் சொல்லியிருந்தார். ‘மறுபடி வாசியுங்கள்’ என்று ஒரு வார்த்தை! ஆகாயத்தில் யாருக்கும் அஞ்சாத மனிதருக்கு ஒரு குமாஸ்தாவின் முன் காது கேட்கவில்லை என்று சொல்லச் சங்கோசம். கிணறு போனபின் தோப்பு என்னத்துக்கு ஆயிற்று என்பதை நான் எழுதவேண்டியதில்லை. அதை இப்போது கிளறுவது என் நோக்கமும் அன்று.

என் உத்தியோக காலமெல்லாம் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், விமானிகளின் பேச்சுக்கு மறுமுனையில் உட்கார்ந்திருந்தவன் நான். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லிக் கேட்ட விமானியால் எனக்கு ஒரு நாளும் தொல்லை நேர்ந்ததில்லை. செய்தி கிடைத்தது என்னும் பொருளில் சிலர் ‘ரோஜர்’ சொல்லும் தொனியிலேயே அவர்களுக்கு விளங்கவில்லை என்பது எனக்கு விளங்கிவிடும், அப்போதுதான் வயிற்றைக் கலக்கும். 1989 பிப்ரவரி 19-ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு, 2400 அடிக்கு இறங்கும்படி ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று கட்டளை போயிற்று. முதல் ‘டூ’வை இலக்கமாகக் கொள்ளாமல், ‘இத்தனை அடிக்கு’ என்பதில் வரும் ‘க்கு’ உருபுக்கு நேரான ஆங்கிலச் சொல்லாகக் கொண்டுவிட்ட காப்டன், ‘ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று பதில் சொன்னார். திருப்பிச் சொன்னதில் ஓர் இலக்கம் குறைந்ததைக் கீழே இருந்தவரும் பிடிக்கவில்லை. 400 அடியை நோக்கி இறங்கிய அந்த 747, குன்றில் மோதி, உள்ளே இருந்த நால்வரும் மாண்டார்கள். திருப்பிச் சொல்வது என்னும் சம்பிரதாயம் சொல்பவனுக்கு மட்டும் ஏற்பட்டதன்று; அதைக் காதுகொடுத்துக் கேட்டுச் சரிபார்ப்பவனும் சேர்ந்தால்தான் அது பூர்த்தியாகும் என்பதை என்னிடம் பயின்ற இளைஞர்களுக்கு நான் சலிக்கச் சலிக்கச் சொல்லியிருக்கிறேன்.

1977-இல் டெனரீஃப் தீவில் இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்ட கதையை விமானப் பயிற்சிப் பள்ளியில் உனக்குப் பாடமாகவே வைத்திருப்பார்கள். அதில் எல்லோரும் மூடுபனியைப் பேசுவார்கள். ஒரே நொடியில் இருவர் வானொலியில் பேசியதால் எழுந்த கிறீச்சொலியில், இரண்டில் ஒன்றான கேஎல்எம் விமானத்தின் விமானிகளுக்கு மிக அவசியமான வார்த்தைகள் மறைந்துபோனதை நீ பேசு. அந்த விமானத்து எஞ்சினியர் ஓடுபாதை காலியாகிவிட்டதா என்று ஐயம் எழுப்பியும், காப்டன் ஆம் என்று அழுத்திச் சொல்லிவிட்டார். ஐயப்பட்டவர் மறுபடி கேட்கவில்லை.

உன் பக்கத்து இருக்கைக்கு வருகிறேன். விமானத்தின் கட்டுப்பாட்டை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றும்போது, கொடுப்பவர் ‘உன் கையில்’ என்பதும், வாங்குபவர் ‘என் கையில்’ என்பதும், கொடுத்தவர் மறுபடி உறுதி சொல்வதும் ஆக மூன்று வாக்கியங்கள் உண்டு. அந்த இடத்தில் நீ அனுமானித்துத் தலையாட்டினால், அவர் நீ ஓட்டுவதாகவும் நீ அவர் ஓட்டுவதாகவும் நினைத்துக்கொண்டு, இருவரும் சும்மா உட்கார்ந்திருக்கும் கணம் ஒன்று நேரும். ‘சே அகெய்ன்’ என்று கேட்பதற்கு ஆசிரியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவருடைய முகத்துக்கு நான் ஜவாப்தாரி அல்ல, உன் உயிருக்கு நான் ஜவாப்தாரி.

உபகரண விஷயத்துக்கு வருவோம். பள்ளியின் பொது ஹெட்செட் போதும், பணம் மிச்சம் என்கிறாய். பலர் தலையில் ஏறியிறங்கிய அதன் காதுமெத்தை இறுகி வெடித்திருக்கும்; அந்த இடுக்கு வழியே இரைச்சல் நுழையும். கொசுவலையின் ஒரு மூலை தூக்கியிருந்தால் மற்ற மூன்று மூலைகளைச் செருகி என்ன பயன்? தடித்த கம்பி மூக்குக்கண்ணாடியும், உன் பாட்டி போட்டுவிட்ட ஜிமிக்கியும் அதே காரியத்தைச் செய்யும். ஜிமிக்கியைத் தரையில் இருக்கும்போது போட்டுக்கொள், மெல்லிய கம்பிக் கண்ணாடி வாங்கு. மைக்கை மோவாய்க்குக் கீழே தொங்கவிடாமல் உதட்டருகே, விரற்கடை தூரத்தில் வை. இரைச்சலைக் கழிக்கும் மைக் என்பது அருகிலுள்ள குரலுக்கும் தூரத்து இரைச்சலுக்கும் உள்ள பேதத்தால் வேலை செய்வது, தள்ளி வைத்தால் அதற்கு இரண்டும் ஒன்றே. இன்டர்காமில், யாரும் பேசாதபோது இரைச்சலை அடைக்கும் ஸ்குவெல்ச் திருகை அளவுக்கு மேல் இறுக்கினால் பேச்சின் முதல் அசையை அது விழுங்கிவிடும். வானொலிப் பொத்தானையும் அழுத்தி அரை மூச்சு விட்டபின் பேசு. முதல் சொல்லை விழுங்கிக்கொண்டு வந்த எத்தனையோ செய்திகளை நான் கேட்டிருக்கிறேன். ‘ஃபைவ்’, ‘நைன்’ இரண்டும் இரைச்சலில் ஒன்றாய்க் குழம்பும் என்பதால்தான் 9-ஐ ‘நைனர்’ என்று நீட்டச் சொல்லியிருக்கிறார்கள். அது பழைய தலைமுறையின் அலங்காரம் என்று உன் சிநேகிதி சொன்னால் நம்பாதே.

இயர் பிளக் என்று மருந்துக்கடையில் விற்கும் நுரைத் தக்கையை உள்ளே செருகி, மேலே ஹெட்செட் போட்டால் பேச்சே கேட்காது என்றும் அந்தச் சிநேகிதி சொன்னாளாமே. இரைச்சலும் பேச்சும் சேர்ந்தே குறைவதால் விகிதம் மாறுவதில்லை. திக்குமுக்காடிய செவி தெளிவடைகிறது, பிறகு இன்டர்காமின் ஒலியை வேண்டிய அளவு கூட்டிக்கொள்ளலாம். தக்கை இல்லாமல், இரைச்சலை வெல்ல ஒலியை மட்டும் கூட்டுகிறவள் காதுக்கு இரண்டு அடி. ஒரே எச்சரிக்கை: காதை அடைத்தால் நம் குரல் நமக்குள் பெரிதாக முழங்குவதால் அறியாமலே தாழ்த்திப் பேசுவோம், நீ தாழ்த்தாதே.

இனி, மின்கலத்தால் இயங்கி இரைச்சலுக்கு நேரெதிரான ஒலியை உண்டாக்கி அதை அடக்கும் ஹெட்செட்டா, வெறும் மெத்தையால் தடுக்கும் பச்சை டேவிட் கிளார்க் வகையா என்பது உன் சௌகரியம். இரண்டாவது மலிவு, உறுதி, பல தலைமுறை விமானிகள் மெச்சியது. முதலாவதின் தத்துவத்துக்கு 1936-லேயே லூக் என்ற ஜெர்மானியர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தார். கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன ஒரு வங்காளியின் புத்திரரான அமர் போஸ், 1978-இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் விமானத்தில் இரைச்சலால் சங்கீதம் கேட்க முடியாமல் அந்தப் பிரயாணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கி, 1989-இல் விமானிகளுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார். எஞ்சினும் புரொப்பல்லரும் எழுப்பும் கீழ்ச்சுருதி முழக்கத்தை, மெத்தை தடுக்கத் திணறும் அந்தப் பகுதியை, இது நன்றாய் அடக்கும். எஞ்சின் கோளாறு காதில் விழாதே என்பாருக்கு, மாறுதல் எப்படியும் கேட்கும் என்பதே பதில்; எச்சரிக்கை மணிகள் கேட்கின்றனவா என்று மட்டும் தரையிலேயே சோதித்துக்கொள். நீயே யோசித்து முடிவு செய். நான் எதையும் திணிக்கவில்லை. இத்துடன் வைத்திருக்கும் செக்கின் தொகை முதல் வகையின் விலைக்குச் சரியாக இருக்கும். பின்னால் பென்சிலால் அதன் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

அதிகம் உபதேசித்துவிட்டேனோ என்று படித்துப் பார்த்தபோது தோன்றுகிறது. நம் வம்சத்தில் உன்னைப்போல் கெட்டிக்காரி பிறந்ததில்லை, இனிப் பிறக்கப் போவதுமில்லை. நீ தனியாகப் பறந்த செய்தியை இந்தத் தெருவில் நான் சொல்லாத வீடு கிடையாது, பால்காரனிடம் இரண்டு தடவை சொன்னேன். உன் சின்னப் பாட்டி தட்டையும் மனோகரமும் பார்சலில் அனுப்புகிறாள், சிநேகிதிக்கும் கொடு. பாவம், நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள். உன் தாத்தா இருந்திருந்தால் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலமே வந்திருப்பார். தோப்பைப் பற்றி எழுதியதை உன் அப்பாவிடம் சொல்லாதே.

அடுத்த தடவை செவிப் பரிசோதனை செய்யும்போது 4000 ஹெர்ட்ஸையும் சேர்த்து எடுக்கச் சொல்லி, அந்தத் தாளின் நகலைத் தபாலில் அனுப்பு. தொலைபேசியில் வாசிக்க வேண்டாம். எனக்கும் இப்போது எண்கள் சரியாகக் கேட்பதில்லை.

இப்படிக்கு,
உன் சின்னத் தாத்தா