ஹார்டி ஐயரின் மூன்று பதக்கங்கள்

அன்பு மகனுக்கு,

ராணுவத்தில் மதபோதகராகச் சேர விண்ணப்பம் வாங்கிவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொல்லி அழுதாள். நான் தடுக்கப்போவதில்லை. முடிவு உன்னுடையது. ஆனால் தியடோர் பேலி ஹார்டியின் படத்தை அனுப்பி, இவரைப்போல் ஊழியம் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதற்காகச் சில வார்த்தை.

முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்தாத ஒரு குருவானவருக்கு விக்டோரியா கிராஸ், டி.எஸ்.ஓ., மிலிட்டரி கிராஸ் மூன்றும் கிடைத்தது பெரிய காரியந்தான். எதற்குக் கிடைத்தது என்று பார்த்தாயா? 1917இல், மணிக்கட்டு முறிந்திருந்த சமயம், சேற்றில் புதைந்த ஒருவனை மீட்கப் பார்த்தார், முடியவில்லை. குண்டுமழைக்கு நடுவே அவன் உயிர் பிரியும்வரை பக்கத்திலேயே இருந்தார். டி.எஸ்.ஓ. அதற்கு. 1918 ஏப்ரலில், முன்வரிசைக்கு 400 கஜத்துக்கு அப்பால் படுகாயப்பட்டுக் கிடந்த அதிகாரியை, தூக்கிவர ஆள் கிடைக்கும்வரை விட்டுப் பிரியவில்லை. விக்டோரியா கிராஸுக்குச் சொல்லப்பட்ட செயல்களில் அது ஒன்று.

சாகிறவன் பக்கத்தில் உட்காருவதற்குப் பட்டாளம் வேண்டுமா மகனே? காலரா வந்த வருஷம் உன் தாத்தா வீடு வீடாகப் போய் உட்கார்ந்தாரே! அவர் ஓய்வுபெற்ற அன்று ஒரு சால்வை போர்த்தக்கூட மேலிடத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இன்றைக்கும் நம் பக்கத்துக் கிராமச் சபைகளில் அடக்க ஆராதனைக்கு ஐயரைத் தேடி அலைகிறார்கள். படித்த பிள்ளைகள் எல்லாரும் வெளியே போனால் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

ஹார்டியும் ஹட்டன் ரூஃப் என்ற கிராமத்தின் ஐயர்தான். ஆனால் பட்டாளத்துக்குப் போனபோது அவருக்கு 52 வயது. மனைவி 1914இலேயே இறந்துவிட்டார். மகன் டாக்டர், மகள் நர்ஸ். கடமை முடித்துவிட்டுப் போன மனிதர். உன் மகளுக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தமக்கே குருவாக நியமித்து, ஊருக்குத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அவர் தம் ஆட்களை விட்டு வரவில்லை. செல் ஆற்றைக் கடக்கையில் குண்டடிபட்டு, 1918 அக்டோபர் 18 அன்று ரூவான் நகரில் இறந்தார். அடுத்த 24 நாளில் போர் நின்றது. அந்த மகளை நினைத்துப் பார்.

கடிந்து எழுதிவிட்டேனோ? நீ எங்கே நின்று ஜெபித்தாலும் எங்கள் பிள்ளைதான். நம் குடும்பத்தில் உன்னைப்போல் இளகிய மனசு வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. போகத்தான் போகிறாய் என்றால் ரயிலேற்றிவிட நானே வருவேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து மூவருமாக வாருங்கள், பெரியம்மா சமைத்துவைக்கிறாளாம். அதற்குள் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே.

கர்த்தருக்குள் அன்பான,
பெரியப்பா