இரண்டு 7805 சேர்ந்தால் 2 ஆம்பியரா?

கேள்வி: 7805 ரெகுலேட்டர் 1 ஆம்பியர்தான் தருகிறது. இரண்டின் அவுட்புட்டையும் சேர்த்துவிட்டால் 2 ஆம்பியர் எடுக்கலாமா?

பதில்: நம்பி இறங்காதீர்கள். இரண்டும் 7805 என்றாலும் ஒன்று 5.1 வோல்ட் தரலாம், மற்றது 4.9 தரலாம். 4.8 முதல் 5.2 வரை அனுமதிக்கப்பட்ட வித்தியாசம்தான். வோல்டேஜ் கூடியதே சுமை முழுவதையும் இழுக்கும். மற்றது சும்மா வேடிக்கை பார்க்கும். முதலாவது தன் வரம்பை எட்டி வோல்டேஜ் சரிந்த பிறகே இரண்டாவது கைகொடுக்கும். முதலாவதோ கொதித்து, வெப்பப் பாதுகாப்பில் அணைந்துவிடவும் கூடும். அவுட்புட்டுகளில் சிறு ரெசிஸ்டர் போட்டால் பங்கீடு ஓரளவு சீராகும். ஆனால் சுமை ஏற ஏற வோல்டேஜ் இறங்கும். அப்புறம் ரெகுலேட்டர் எதற்கு?

2 ஆம்பியர் வேண்டுமானால், ஒரே 7805-உடன் டிஐபி2955 டிரான்சிஸ்டரைச் சேருங்கள். அல்லது 5 ஆம்பியர் தரும் எல்எம்338 வாங்குங்கள். எப்படியானாலும் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கி 2 ஆம்பியர் எடுத்தால் 14 வாட் வெறும் சூடாகப் போகும், பெரிய ஹீட் சிங்க் கட்டாயம். என்னைக் கேட்டால், இந்தச் சூட்டைக் குறைக்கப் பக் கன்வெர்ட்டரே மேல்.