கடாவுக்கும் காளைக்கும் வரும் சிறுநீர் அடைப்பு

கால்நடைகளின் உடலில் முதுகெலும்பின் இருபுறமும் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஆட்டின் சிறுநீரகம் அவரை விதை வடிவில் வழவழப்பாக இருக்கும். மாட்டின் சிறுநீரகமோ கொத்துக் கொத்தாகக் காணப்படும். இரத்தத்தில் சேரும் கழிவுகளை வடித்தெடுப்பதும், உடலின் நீரையும் உப்பையும் அளவோடு வைத்திருப்பதும் இவற்றின் வேலை. வடித்த கழிவு சிறுநீராகப் பையில் சேர்ந்து வெளியேறுகிறது. இவ்வழி அடைபட்டால் கழிவு இரத்தத்திலேயே தங்கி, கால்நடை சில நாட்களில் இறந்துவிடும்.

கல் உண்டாவது எப்படி?

தவிடு, தானியம் ஆகியவற்றில் மணிச்சத்து மிகுதி. சுண்ணாம்புச் சத்து குறைவு. கடாக்களைக் கொழுக்க வைக்க இவற்றையே அதிகம் கொடுத்து, குடிநீரையும் குறைத்தால், சிறுநீரில் உப்புகள் திரண்டு மணல்போலவும் கல்லாகவும் படிகின்றன. பெட்டைகளுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் கல் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆண் கால்நடைகளுக்கோ குழாய் நீண்டு, குறுகி, நடுவில் வளைந்திருக்கும். கடாக்களுக்குக் குறியின் நுனியில் புழுப்போன்ற மெல்லிய நீட்சியும் உண்டு. கல் இவ்விடங்களில் சிக்கிக்கொள்கிறது. மிக இளவயதில் காயடித்த குட்டிகளுக்குக் குழாய் நன்கு விரிவடைவதில்லை. எனவே ஆபத்து அதிகம்.

அறிகுறிகள்

நோயுற்ற கடா அடிக்கடி முக்கும், வாலை ஆட்டும், பல்லை நறநறவெனக் கடிக்கும், வயிற்றைக் காலால் உதைக்கும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வரும், அல்லது வரவே வராது. குறியைச் சுற்றியுள்ள மயிரில் உப்புத் துகள்கள் ஒட்டியிருக்கும்.

முக்குவதைக் கண்டு மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டி ஒருநாளைப் போக்கிவிடுவோர் உண்டு. இது தவறு. முழு அடைப்பு நீடித்தால் ஓரிரு நாளில் சிறுநீர்ப்பை வெடிக்கக் கூடும். அப்போது வலி தணிந்து கால்நடை அமைதியாக நிற்கும். இதைக் குணமாகிவிட்டதென நம்பி ஏமாறக் கூடாது. பின்னர் சிறுநீர் வயிற்றில் தேங்கி, இருபுறமும் பானைபோல் பருத்து, கால்நடை சோர்ந்து விழும்.

சிகிச்சை

சிறுநீர் வராதது தெரிந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைப் பெறலாம். அடைப்பு இருக்கும்போது நீரை வலிந்து புகட்டுவதும், சிறுநீரைப் பெருக்கும் மருந்து கொடுப்பதும் பை வெடிப்பதை விரைவுபடுத்தும். கல் நுனியில் சிக்கியிருந்தால் மருத்துவர் அந்த நீட்சியை மட்டும் வெட்டியெடுப்பார். உள்ளே இருந்தால் அறுவை செய்தோ, பையில் குழாய் பொருத்தியோ சிறுநீரை வெளியேற்றுவார். கல்லைக் கரைக்கும் மருந்தை அவர் சொல்லும் அளவில்தான் கொடுக்க வேண்டும்.

தடுக்கும் முறைகள்

* தூய நீர் எந்நேரமும் தொட்டியில் இருக்க வேண்டும். வளர்ந்த மாட்டுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டருக்குக் குறையாமல் நீர் தேவை. வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

* 100 கிலோ அடர்தீவனத்தில் 1 கிலோ சமையல் உப்பும், 2 கிலோ தாது உப்புக் கலவையும் சேர்க்கலாம். உப்பு தாகத்தைத் தூண்டி, நீரை அதிகம் குடிக்கச் செய்யும்.

* தவிட்டை மட்டும் நம்பாமல் அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தழைகளையும் கொடுக்க வேண்டும். இவற்றில் சுண்ணாம்புச் சத்து உண்டு.

* காயடிப்பதை ஐந்தாறு மாத வயது வரை தள்ளிப்போடுவது நலம். அதுவரை கடாக்குட்டிகளைப் பெட்டைகளிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

பண்டிகை விற்பனைக்கென வளர்த்த கடா, சந்தைக்குப் போகும் வாரத்தில் இறந்தால் ஓராண்டு உழைப்பு வீணாகும். கொட்டில் தரை நனைந்திருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்க்கும் வழக்கம் இருந்தால், அந்த இழப்பை உரிய நேரத்தில் தடுத்துவிடலாம்.