மிளகுத்தண்ணியும் ஊர்ப்பெயர்களும்



மேலைநாட்டு விருந்துகளில் உணவுக்கு முன் பரிமாறப்படும் சூப் வகைகளுள் ‘மலிகடோனி’ என்பதும் ஒன்று. அயற்சொற்போல் ஒலிக்கும் இப்பெயர், நமது ‘மிளகுத்தண்ணி’ என்னும் சொல்லின் திரிபே. சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர் நம் இரசத்தில் இறைச்சியைச் சேர்த்துத் தம் உணவாக்கினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இச்சொல் ஆங்கில எழுத்தில் இடம்பெற்றது. அவர்களுக்கு ‘மல்’ என்னும் பட்டப்பெயரும் இதனாலேயே வந்தது.

ஊர்ப்பெயர்களும் இவ்வாறே பிறர் நாவில் திரிந்தன. தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆயிற்று. தரங்கம்பாடி ‘டிராங்கிபார்’ ஆயிற்று. யாழ்ப்பாணப்பட்டினம் போர்த்துக்கேயர் வாயில் ‘ஜாஃப்னாபட்டாம்’ ஆகிப் பின்னர் ‘ஜாஃப்னா’ எனக் குறுகிற்று. திருகோணமலையோ ‘டிரிங்கோமலி’ ஆயிற்று.

சூப்பின் பெயர் திரிந்ததால் நமக்கு இழப்பில்லை. நம் சொல் கடல் கடந்த பெருமையே உண்டு. ஊர்ப்பெயர் அத்தகையதன்று. திரு, கோணம், மலை எனப் பிரித்தால் பொருள் தரும் பெயர், ‘டிரிங்கோ’ என்றானவுடன் வெற்றொலியாகிறது. ஊரைப் பிரிந்து வந்த எம்மிடம் எஞ்சியிருப்பவற்றுள் அதன் பெயரும் ஒன்று. படிவங்களில் ‘ஜாஃப்னா’ என எழுத நேரினும், உங்கள் நாவில் யாழ்ப்பாணம் நிலைக்கட்டும்.

பயிற்சி: உங்கள் பெற்றோர் பிறந்த ஊரின் பெயரைக் கேட்டறிந்து, தமிழில் எழுதி, சொற்களாகப் பிரித்துப் பொருள் காண்க.