பழங்காசின் நிலையறிதல்

சங்கப் புலவர்தம் பெயர்களுள் வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்பவற்றைக் காணும் மாணவர் ‘வண்ணக்கன்’ என்னுஞ் சொல்லுக்கு நாணயத்தை ஆய்வோன் என்று பொருள் எழுதிவிட்டு அப்பாற் செல்வர். யானும் அங்ஙனமே சென்றவன். பண்டை வண்ணக்கர் ஆய்ந்தது பொன்னின் மாற்றை. இன்று பழங்காசு தொகுப்போர் முதற்கண் ஆய்வதோ, அச்சடித்த நாள்தொட்டு அதன் முகம் எத்துணை தேய்ந்துளது என்பதையே.

எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கின் பழைய வீடுகளில் 1840ஆம் ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபாய் இன்னும் சில உள. அதனையே பாடமாகக் கொள்வோம். எடை 180 கிரெயின், அஃதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒருபுறம் அரசியின் தலை; மறுபுறம் இலைவளையத்தினுள் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் ‘ஒரு ரூபாய்’ என்னும் எழுத்து.

காசை விளிம்பிற் பிடித்து, ஒற்றை விளக்கின்கீழ் மெல்லச் சாய்த்துப் பார்க்கவேண்டும். மேடான இடமே முதலில் தேயும். ஆதலின் கண் செல்லவேண்டியது அரசியின் காதுக்கு மேலுள்ள கூந்தலுக்கும், மறுபுறத்து இலைகளின் நரம்புக்குமாம். சாய்க்குந்தோறும் ஒளி சக்கரம்போற் சுழன்று எங்கும் தடையின்றி ஓடுமாயின் அது புழங்காத காசு. மேட்டில் மட்டும் ஒளி மங்கினால் ‘எக்ஸ்ட்ரீம்லி பைன்’. மயிரிழைகள் சில ஒன்றோடொன்று கலந்தால் ‘வெரி பைன்’. கூந்தல் பெரும்பாலும் வழவழத்து, எழுத்து மாத்திரம் தெளிவாயிருப்பின் ‘பைன்’. உருவம் நிழல்போல் எஞ்சியதற்கு ‘குட்’ என்று பெயர்! நல்லது என்னுஞ் சொல் இத்துணை இழிந்த பொருளில் வழங்குவதை வேறெங்கும் யான் கண்டிலேன். 1949இல் ஷெல்டன் என்பார் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்கென 1 முதல் 70 வரை வகுத்த எண்வரிசை இப்போது பிற காசுகளுக்கும் பரவியுளது.

தேய்வையும் அச்சுக் குறையையும் மயங்கலாகாது. நீலகிரிப் படகர் இறக்குந் தறுவாயிலுள்ளார்க்கு நெய்யில் தோய்த்த வீரராய பணம் என்னும் சிறு பொற்காசைக் கொடுக்கும் வழக்கத்தை 1909இல் வெளியான தம் நூலில் எட்கர் தர்ஸ்டன் குறித்துள்ளார். அரை கிராமும் இல்லாத அக்காசில் அச்சு முழுதும் விழுவது அரிது. குறைந்த உருவைக் கண்டு தேய்ந்ததென்று தள்ளுவோர் பிழைப்பர்; விழுந்த பகுதியின் கூர்மையையே நோக்குக.

ஊறு என்பது வேறு. 1898இல் புதுக்கோட்டைச் சீமையிற் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் அரசர் தலைமேல் உளிவெட்டு உண்டு. அது புழக்கத்தால் வந்ததன்று, வேண்டுமென்றே வெட்டியது. காசுமாலையிற் கோத்த துளை, பற்றவைத்த தழும்பு ஆகியவற்றையும் இங்ஙனம் தனியே குறித்தல் வேண்டும்.

எல்லா ஊறுகளினும் கொடியது துலக்குதல். என் பாட்டியார் எனக்கு 1840ஆம் ஆண்டு ரூபாய் இரண்டு தந்தார். மலையின் ஈரத்தாற் கறுத்திருந்தவற்றுள் ஒன்றைக் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தேன். புதுக் கிண்ணம்போற் பளபளத்தது, பாட்டியார் மகிழ்ந்தார். காசில் பழகிய பெரியவர் ஒருவரோ அதனை விளக்கருகே சாய்த்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் என்னிடம் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தார். அரசியின் கன்னமெங்கும் ஒரே திசையில் நுண்ணிய கீறல்கள். சுழலவேண்டிய ஒளி ஓரிடத்திலும் சுழலவில்லை. அச்சு தந்த அந்த மேற்றோலை எவராலும் மீட்டுத் தர இயலாது.

இரண்டையும் தனித்தனித் தாளுறையில் வைத்திருக்கிறேன். கறுத்ததன் மேல் ‘வெரி பைன்’ என்று எழுதினேன். மற்றதன் மேலும் அதனையே எழுதி, பக்கத்தில் ‘துலக்கியது’ என்று சேர்த்திருக்கிறேன்.