மொழிபெயர்ப்பும் பொருள்கோளும்

தொல்காப்பியனார் நூல்களை முதனூல், வழிநூல் எனப் பகுத்து, மொழிபெயர்ப்பையும் வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாக வைத்தனர். அவ்வகை கணிப்பொறி மொழிகளிடத்தும் நிகழ்தலை, இலக்கிய மாணவராகிய யாம் அறிந்த அளவிற் கூறப் புகுகின்றோம்.

எண்களை நிரையாகவும் நிரலாகவும் அடுக்குவதனை அணி என்பர் கணிதர். வில்கின்சன், ரைன்ஷ் என்னும் அறிஞர் இருவர் 1971-இல் வெளியிட்ட தொகுப்பில் அணிக்கணக்கு முறைகள் ஆல்கால் மொழியில் அமைந்தன. அவற்றுட் பலவற்றை அமெரிக்க நாட்டு அர்கான் ஆய்வுக்கூடத்தார் ஃபோர்ட்ரான் மொழிக்குப் பெயர்த்து, ஐஸ்பேக் எனப் பெயரிட்டனர். 1992-இல் வெளிவந்த லாபேக் என்னும் ஃபோர்ட்ரான் தொகுதி, பின்னர்க் கருவி கொண்டே சி மொழிக்குப் பெயர்க்கப்பெற்றது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அமையாதோ எனின், அமையாது. ஃபோர்ட்ரான் அணியின் எண்களை நிரல் நிரலாகக் கொள்ளும். சி மொழியோ நிரை நிரையாகக் கொள்ளும். முன்னது இடங்களை ஒன்று முதல் எண்ணும். பின்னது சுழி முதல் எண்ணும். சொற்கள் அவையே, பொருள்கோள் வேறு.

இதனை யாம் நாமக்கல்லிற் கண்டோம். எம் தாய்மாமன் கோழிப்பண்ணைக்குத் தீவனக் கணக்கிட, கணித வகுப்பு நண்பரொருவர் பழைய ஃபோர்ட்ரான் ஆணைத்தொகுதியொன்றைச் சி மொழிக்குப் பெயர்த்தார். மக்காச்சோளத்திற் புரதம் நூற்றுக்கு 9. சோயாப் புண்ணாக்கில் 45. நூறு கிலோக் கலவையில் 18 கிலோப் புரதம் வேண்டும். சோளம் 75 கிலோ, புண்ணாக்கு 25 கிலோ என்பதே விடை. பெயர்த்த தொகுதியோ, சோளம் குறை 325 கிலோ என்றது! மாமன் நகைத்து, "இல்லாத சோளத்தை எந்தக் கோழிக்கு இடுவது, தம்பி?" என்றார்.

1, 9, 1, 45 என நிரல்வழி எழுதிய எண்களை நிரைவழிப் படித்தமையே பிழை. நண்பர் முன்னரே சோதித்திருந்தார். ஆயின் அவர் கொண்டது 2, 1, 1, 3 என்னும் சமச்சீர் அணி. அதனை நிரையாற் கொள்ளினும் நிரலாற் கொள்ளினும் ஒன்றே. ஆதலின் பிழை ஒளிந்திருந்தது.

இரண்டே பொருளாகலின் பிழை நகைப்போடு போயிற்று. பத்துப் பொருள் கூடிய கலவையில் விடை நம்பத்தக்கதாகவே தோன்றிப் பறவைகளை நலிவிக்கவும் கூடும். ஆகவே, பெயர்ப்போர் சமச்சீரில்லா அணி கொண்டு சோதித்தல் வேண்டும். பெற்ற விடையை முதற்சமன்பாடுகளில் இட்டுப் பார்த்தல் வேண்டும். கூட்டும் முறை மாறின் கடைசி இலக்கம் சிறிது வேறுபடுதல் இயல்பு. அதனைப் பிழையெனக் கொள்ளற்க.

நண்பர் எண்களை நிரல்வழிப் படிக்குமாறு திருத்தினார். 75, 25 என வந்தது. நிரனிறை முதலிய பொருள்கோள் எட்டினையும் தேர்வுக்கென்றே மனனம் செய்திருந்த யாம், அவற்றின் பயனை அன்று பண்ணைத் திண்ணையில் உணர்ந்தோம்.